உச்சிப்புளி வாசலில் கூட்டம் சேராதது ஏன்?

சென்னையில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: “ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது. மண்டபத்தில் கடலோரக் காவல்படை, ராமேஸ்வரத்தில் கடற்படை முகாம். ஈழப் போர் நடந்தபோது தமிழ்நாடே கொந்தளித்தது. அப்படியிருந்தும் இந்தக் கரையில் ராணுவத் தளங்களுக்கு எதிராக மக்கள் ஏன் திரளவில்லை? ஜப்பானில் ஒகினாவா மக்கள் திரள்கிறார்களே?”

நான் பாம்பன்காரன். அப்பா நாட்டுப்படகில் போனவர். நான் கடலுக்குப் போனதைவிட, கடலுக்குப் போனவர்களுக்காக மனு எழுதியதுதான் அதிகம். கலெக்டருக்கு, மீன்வளத்துறைக்கு, முதலமைச்சருக்கு, பிரதமருக்கு என்று இருபது வருஷத்துக்கு மேல் எழுதியாயிற்று. அதனால் பதிலையும் மனுவிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் அதிகம் எழுதிய வரி இதுதான்: “நடுக்கடலில் எங்கள் உயிருக்கும் உடைமைக்கும் இந்தியக் கடற்படை உரிய பாதுகாப்பு அளிக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.” படகைப் பிடித்துக்கொண்டு போனால் இந்த வரி. வலையை அறுத்துவிட்டால் இந்த வரி. ஆளைச் சுட்டுவிட்டால் இந்த வரி. கட்சி மாறும், ஆட்சி மாறும், மனுவில் இந்த வரி மாறாது. இதற்குக் கீழே கையெழுத்துப் போட்டவர், கைநாட்டு வைத்தவர், மறுநாள் உச்சிப்புளி வாசலில் போய் “கடற்படையே வெளியேறு” என்று எப்படி நிற்பார்?

கேள்விக்கான பதிலில் பாதி இங்கேயே இருக்கிறது. ஒரு தளத்துக்கு எதிராக ஊர் திரளுமா திரளாதா என்பதைப் போரைப் பற்றிய கொள்கை தீர்மானிப்பதை நான் பார்த்ததில்லை. ஊர்க்காரர் மனதில் இரண்டே கேள்விதான் ஓடும். அந்தத் துப்பாக்கி யாரைப் பார்த்து நிற்கிறது? அது வந்ததால் என் கையிலிருந்து என்ன போயிற்று? இரண்டுக்கும் விடை “நான்தான்”, “என் மண்தான்” என்று வந்தால், யாரும் கூப்பிடாமலே கூட்டம் சேர்ந்துவிடும். அப்படி வராத இடத்தில் எவ்வளவு நல்ல பேச்சாளர் வந்தாலும் நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.

பத்துப் பதினைந்து வருஷம் முன்னால் மண்டபம் ஊரில் ஒரு சிறு அரங்கில் கூட்டம் போட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள். படித்த, அக்கறையுள்ள பிள்ளைகள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாக் நீரிணை ராணுவமயமாகிறது, வல்லரசுகளின் போட்டியில் நம் கடல் மாட்டிக்கொள்ளும் என்று ஒருவர் விளக்கமாகப் பேசினார். சொன்னதில் பாதிக்கு மேல் சரி. நாற்பது பேர் இருந்திருப்பார்கள். பின்வரிசையில் ஒரு அம்மா, கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரலெல்லாம் பாறை கீறிய வடு, அதைச் சுற்றிக் கிழிந்த துணி. அவர் மகன் அப்போது யாழ்ப்பாணச் சிறையில் இருந்தான். பேச்சு முடிந்ததும் எழுந்து கேட்டார்: “தம்பி, நீங்க சொல்றதெல்லாம் சரிதான். நம்ம நேவி வேணாங்கிறீக. அப்ப எம் மவன யாரு கூட்டியாருவா?”

பேசியவரிடம் பதில் இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், என்னிடமும் இல்லை. நேவிதான் மகனைக் கூட்டிவரப்போகிறது என்று அந்த அம்மாவும் நம்பவில்லை. கூட்டிவருவது தூதரகமும் கோர்ட்டும்தான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எதிர்க்கரையில் துப்பாக்கி இருக்கிறது என்றால் இந்தக் கரையிலும் ஒன்று இருந்தாக வேண்டும் என்ற நினைப்பு அவர் ரத்தத்தில் ஊறியது. 1983க்குப் பிறகு இந்தக் கடலில் வளர்ந்த எல்லாருக்கும் அது ஊறியதுதான். இலங்கைக் கடற்படையால் சுடப்பட்டவர்கள், அடிபட்டவர்கள், காணாமல் போனவர்கள் என்று சொல்லிக்கொள்ள எங்கள் பக்கம் ஒவ்வொரு தெருவுக்கும் கதை உண்டு.

2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளம் மீனவர் ஒருவர் கடலில் சுடப்பட்டு இறந்தபோது, உடலை வாங்க மறுத்து ஒரு வாரம் ஊரே உட்கார்ந்தது. பந்தலில் பெண்கள்தான் அதிகம். பக்கத்து ஊர்களிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள், மாணவர்கள் வந்தார்கள், எல்லாக் கட்சியும் வந்தது. மக்கள் ஆதரவு என்றால் என்ன என்று பார்க்க வேண்டுமானால் அதைத்தான் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பந்தலில் ஒலித்த கோரிக்கை என்ன? சுட்டவர்களைக் கைது செய். கச்சத்தீவை மீட்டுக் கொடு. எங்களுக்கு நிரந்தரப் பாதுகாப்பு கொடு. படையைக் குறைக்கச் சொல்லி ஒரு குரலும் எனக்குக் கேட்கவில்லை. படை ஏன் எங்களுக்காக நிற்கவில்லை என்ற குரல்தான் கேட்டது.

சரி, நம் படை எங்களை ஒன்றுமே செய்யவில்லையா? செய்திருக்கிறது. 2017 நவம்பரில் கடலோரக் காவல்படை தங்களைச் சுட்டதாகவும், இந்தி பேசச் சொல்லி அடித்ததாகவும் ராமேஸ்வரம் மீனவர்கள் புகார் கொடுத்தார்கள். 2022 அக்டோபர் 21 அன்று பாக் நீரிணையில் இந்தியக் கடற்படைக் கப்பலே சுட்டதில் மயிலாடுதுறை மாவட்ட மீனவர் ஒருவர் படுகாயம் அடைந்தார். இரண்டு தடவையும் கரை கொதித்தது. ஆனால் அந்தக் கோபத்தின் வார்த்தையைக் கவனிக்க வேண்டும். “எங்களையே சுடுறீங்களே!” அந்த ஏகாரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சொந்தக்காரனிடம் கோபித்துக்கொள்கிற கோபம் அது. சண்டை போடுவார்கள், ரோட்டை மறிப்பார்கள், அப்புறம் மறுபடியும் அதே வரியோடு மனு எழுத என்னிடம் வருவார்கள்.

தம்பி ஈழப் போரைக் குறிப்பிட்டிருக்கிறார். அதை இந்தக் கரையிலிருந்து பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். 1987 ஜூன் 3ஆம் தேதி, யாழ்ப்பாணத்துக்கு அரிசியும் மருந்தும் ஏற்றிக்கொண்டு மீன்பிடிப் படகுகள் இந்திய அரசின் சார்பில் ராமேஸ்வரத்திலிருந்துதான் புறப்பட்டன. இலங்கைக் கடற்படை நடுக்கடலில் திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானங்கள் வானிலிருந்து பொட்டலங்களைப் போட்டன. அன்று எங்கள் ஊரில் ராணுவ விமானச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் கை ஆட்டினார்கள். இரண்டு மாதத்தில் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போயிற்று, அங்கே தமிழர்களோடேயே சண்டை மூண்டது. 1990 மார்ச்சில் அந்தப் படை சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்தக் கசப்பு உண்மையானது, அகலமானது. ஆனாலும் அது டெல்லியின் முடிவு மேல் வந்த கசப்பாகவே நின்றது. கரையில் இருக்கிற முகாமை நோக்கி அது திரும்பவில்லை.

2009ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 29ஆம் தேதி, ஈழப் போரை நிறுத்தச் சொல்லிச் சென்னையில் முத்துக்குமார் தீக்குளித்தார். அதன் பிறகு மாணவர், வழக்கறிஞர், ஊர் ஊராக உண்ணாவிரதம். அதே வருஷம் மார்ச் 26ஆம் தேதி உச்சிப்புளியில், அதுவரை சிறிய அளவில் இருந்த கடற்படை விமானப் பிரிவு, ‘ஐஎன்எஸ் பருந்து’ என்ற பெயரில் முழுத் தளமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. முள்ளிவாய்க்கால் முடிய இன்னும் இரண்டு மாதம்கூட இல்லாத நேரம். கடலுக்கு அந்தப் பக்கம் நம் சொந்தங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், இந்தப் பக்கம் கண்காணிப்பு விமானம் ஏறி இறங்கும் தளம் ஒன்று பெரிதாகிறது. போராட்டக்காரர்களின் முகம் சென்னையையும் டெல்லியையும் பார்த்து இருந்தது, உச்சிப்புளியைப் பார்க்கவில்லை. இலங்கைப் போரை எதிர்த்த மனசு வேறு, ராணுவத்தை எதிர்க்கும் மனசு வேறு. “போரை நிறுத்து” என்று நெஞ்சில் அடித்துக்கொண்ட அதே ஆள், இந்தியா தலையிட்டு நிறுத்த வேண்டும் என்றுதான் கேட்டார். தலையிடுவது என்றால் கடைசியில் கப்பலும் விமானமும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ராமநாதபுரத்தில் இதைச் சொல்லாமல் தாண்ட முடியாது. எங்கள் ஊர்ப் பிள்ளை அப்துல் கலாம். ராமேஸ்வரத்துத் தெருவில் பேப்பர் போட்ட பையன், இந்தியாவின் ஏவுகணைத் திட்டத்துக்குத் தலைமை தாங்கி, 2002இல் ஜனாதிபதி ஆனார். பேக்கரும்பில் அவர் நினைவிடத்தைக் கட்டியதே பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம்தான். வெளியே நிற்கும் ஏவுகணை மாதிரிக்குப் பக்கத்தில் நின்று பள்ளிப் பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கும் அவர் மேல் தீராத மரியாதை உண்டு. இந்தக் கரைக்கு ஆயுதம் என்றால் அச்சம் மட்டும் இல்லை, ஒரு ஏழைப் பையன் ஏறிப்போன ஏணியும் அதில் தெரிகிறது. போதாததற்கு முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடி பக்கம் பட்டாளத்துக்குப் போன ஆள் இல்லாத ஊர் குறைவு. மழை பொய்க்கிற மாவட்டத்தில் நிலையான சம்பளம் வேறு எங்கே கிடைக்கும்? போருக்கு எதிராகப் பேசுகிறவர் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் பேச வேண்டியிருக்கும்.

இனி, எதிர்ப்பு எழுந்து வென்ற இடம் ஒன்றைப் பார்ப்போம். அதற்கும் கலாமின் பேருக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதால் எனக்கு அது மறக்காது. ஒடிசாவில் பாலியாபால் என்ற கடலோரப் பகுதி. 1980களின் நடுவில், கலாம் முன்னின்று நடத்திய ஏவுகணைத் திட்டம் சூடுபிடித்திருந்த நேரத்தில், தேசியச் சோதனைத் தளம் அங்கே அமைக்கப்படும் என்று அறிவித்தார்கள். பல்லாயிரம் பேர் வெளியேற வேண்டும். வெற்றிலைக்கொடியும் தென்னையும் நிலக்கடலையும் விளைகிற வளமான மண். மக்கள் ஊருக்குள் வரும் சாலைகளில் தடுப்பு வைத்தார்கள். அதிகாரி வண்டி தெரிந்தால் ஒரு ஊரில் சங்கு ஊதுவார்கள், அடுத்த ஊரில் தட்டைத் தட்டுவார்கள், பத்து நிமிஷத்தில் ஆயிரம் பேர் சாலையில் படுத்திருப்பார்கள். வரி கட்ட மறுத்தார்கள். வருஷக்கணக்கில் அரசாங்கத்தின் ஆள் உள்ளே போக முடியவில்லை. கடைசியில் திட்டம் அந்த இடத்தைவிட்டே போயிற்று.

அவர்கள் முழக்கம் ‘பீட்டா மாட்டி’. வீடு நிற்கிற மண் என்று பொருள். எங்கள் பேச்சில் சொன்னால் ‘பூர்வீக மனை’. ஏவுகணை நல்லதா கெட்டதா என்று அவர்கள் முதலில் வாதாடவில்லை. பாட்டன் செத்த மண்ணைவிட்டுப் போகமாட்டோம் என்றார்கள். தேசத்துக்கு எதிரிகள் என்று அவர்களைச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவர்கள் எதிர்த்தது தேசத்தை இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. காந்தியவாதியும் வந்தார், கம்யூனிஸ்டும் வந்தார், யாருக்கும் அந்த முழக்கத்தில் மறுப்பு இல்லை. ஆயுதப்போட்டிக்கு எதிரான பேச்சு அப்புறம்தான் அதில் சேர்ந்தது. அதுதான் சரியான வரிசை என்று நினைக்கிறேன்.

உச்சிப்புளியில் அந்த நிலைமை வரவில்லை. இருக்கும் ஓடுபாதை சிறியது, ஊர் ஊராக யாரையும் கிளப்பிவிடவில்லை. பக்கத்து ஊர்களான பெருங்குளத்துக்காரருக்கோ நாகாச்சிக்காரருக்கோ தளம் என்பது மதில், கம்பிவேலி, காலையில் ஒரு விமானச் சத்தம், வாடகைக்குக் குடிவரும் வடநாட்டுக் குடும்பம், அவ்வளவே. இழந்தது என்ன என்று கேட்டால் சட்டென்று விரல் காட்ட அவருக்கு எதுவும் இல்லை.

ஒகினாவாவுக்கு வருவோம். ஜப்பான் நிலப்பரப்பில் அந்த மாகாணம் 0.6 சதவீதம். அமெரிக்கப் படைகள் மட்டுமே பயன்படுத்தும் தளங்களின் பரப்பில் சுமார் 70 சதவீதம் அங்கே. 1945 போரில் ஜனத்தொகையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அழிந்தது. 1950களில் துப்பாக்கி முனையிலும் புல்டோசராலும் விளைநிலத்தைப் பிடுங்கினார்கள். ஃபுடென்மா என்ற அமெரிக்க விமானதளம் கினோவான் நகரத்தின் நட்டநடுவில் இருக்கிறது. 2004இல் ஒரு ஹெலிகாப்டர் பக்கத்துப் பல்கலைக்கழக வளாகத்திலேயே விழுந்தது. 1995இல் 12 வயதுச் சிறுமியை அமெரிக்கப் படைவீரர்கள் மூவர் கடத்திச் சீரழித்தபோது 85,000 பேர் ஒரே மைதானத்தில் கூடினார்கள். ஹெனோகோவில் கடலைத் தூர்த்துப் புதுத்தளம் கட்டுவது பற்றி 2019 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் சுமார் 72 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நான் முன்னால் சொன்ன இரண்டு கேள்விக்கும் அங்கே விடை கண்ணெதிரே இருக்கிறது. படை அயல்நாட்டுப் படை, பறிபோனது சொந்த மண், கெட்டது சொந்தப் பிள்ளையின் வாழ்வு. பிழைப்புக்காகவாவது பொறுத்துக்கொள்வார்களா என்றால் அதுவும் குறைந்துவிட்டது. 1972இல் மாகாண வருமானத்தில் 15 சதவீதம் போல இருந்த தளம் சார்ந்த வரவு இப்போது 5 சதவீதம் அளவுக்கு வந்துவிட்டது.

ஆனால் தம்பி, அதே ஒகினாவா மாகாணத்தின் மேற்குக் கோடியில் யோனாகுனி என்று ஒரு தீவு இருக்கிறது. நம் ஊருக்கு உவமை தேடினால் ஹெனோகோவை விட்டுவிட்டு அந்தத் தீவைப் பாருங்கள். தைவானுக்கு 110 கிலோமீட்டர்தான். ஜனம் 1,500 சொச்சம். பிள்ளைகள் படிக்கவும் பிழைக்கவும் வெளியே போய்விடுகிறார்கள், ஊர் வயதாகிக்கொண்டே வருகிறது. அங்கே ஜப்பானியத் தற்காப்புப் படையின் தளம் வேண்டுமா என்று 2015 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடந்தது. நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட ஓட்டு இருந்தது. வேண்டும் 632, வேண்டாம் 445. எல்லையோரம், சின்ன ஊர், வருவது சொந்த நாட்டுப் படை, படைவீரர் குடும்பத்தோடு வந்தால் பள்ளிக்கூடம் மூடாமல் இருக்கும் என்ற கணக்கு. 2016இல் கண்காணிப்பு ராடாரோடு தளம் திறந்தது. பிறகு ஏவுகணைப் பிரிவும் வரும் என்ற செய்தி கிளம்பியதும் தீவில் கவலைக்குரல்கள் எழுந்தன. ராடார் வேறு, ஏவுகணை வேறு. ராடார் பார்க்கும், ஏவுகணை இருக்கும் இடத்தை எதிராளி குறிவைப்பான். முதல் கேள்விக்கான விடை இப்படித்தான் மெல்ல மாறும். “நம்மைக் காக்க” என்று வந்தது “இதனாலேயே நமக்கு ஆபத்து” என்று திரும்பும். உச்சிப்புளியில் அந்தத் திருப்பம் இன்னும் யார் மனதிலும் நிகழவில்லை.

இங்கிலாந்தின் கிரீன்ஹாம் காமன் விமானதளத்தைப் பலர் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அணு ஏவுகணைக்கு எதிராக 1981இல் தொடங்கிய பெண்கள் முகாம் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது உண்மை. ஆனால் பக்கத்து நியூபெரி ஊர்க்காரர்களில் பலர் அவர்களை விரட்டத்தான் பார்த்தார்கள். உலக ஆதரவும் ஊர் ஆதரவும் ஒன்றில்லை. மீனவர் போராட்டம் என்றால் போர்ட்டோ ரிக்கோவின் வியேகெஸ் தீவு எனக்கு நெருக்கம். தீவின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட அமெரிக்கக் கடற்படை அங்கே குண்டுபோட்டுப் பயிற்சி செய்தது. மீனவர்கள் 1970களிலிருந்தே சிறு படகுகளில் போர்க்கப்பல்களின் குறுக்கே போனார்கள். வெகுகாலம் அது அவர்கள் சண்டையாகவே இருந்தது. 1999 ஏப்ரலில் குறிதவறிய குண்டில் உள்ளூர்க் காவலாளி ஒருவர் இறந்ததும் சர்ச்சுகள், எல்லாக் கட்சிகள், கடல் தாண்டிப் பிழைக்கப்போனவர்கள் என்று எல்லாரும் வந்துவிட்டார்கள். 2003 மே 1 அன்று கடற்படை வெளியேறியது.

இவ்வளவு தூரம் போவானேன்? எதிர்க்கரையிலேயே பாடம் இருக்கிறது. இலங்கையின் வடக்கே உள்ள இரணைதீவு மக்கள் 1992இல் போரால் வெளியேறினார்கள். போர் முடிந்த பிறகும் தீவு இலங்கைக் கடற்படையிடம் இருந்தது. 2017 மே 1ஆம் தேதி போராட்டம் தொடங்கினார்கள். பெண்கள் முன்னால் நின்றார்கள். ஏறத்தாழ ஒரு வருஷம் ஆயிற்று, பதில் இல்லை. 2018 ஏப்ரல் 23 அன்று சொந்தப் படகுகளில் ஏறி, வெள்ளைக்கொடி பிடித்து, நேரே தீவுக்குப் போய் இறங்கி மாதா கோவிலில் ஜெபம் செய்தார்கள். கடற்படை முகாமின் கண்முன்னால். அங்கேயே தங்கிவிட்டார்கள். “எங்கள் தீவுக்குத் திரும்புகிறோம்” என்றார்கள், அதற்குமேல் ஒரு தத்துவம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அந்தப் படம் வெளிவந்த அன்று நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படகுகள் எங்கள் அப்பாவின் படகு மாதிரியே இருந்தன.

அங்கே ஒரு வலியும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அந்த மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டு போகிறவை எங்கள் பக்கத்து விசைப்படகுகள். அவர்கள் தங்கள் அரசாங்கத்திடம் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? தங்கள் கடற்படை தங்களைக் காக்க வேண்டும் என்று. என்னைப் போல ஒருவர் அங்கேயும் உட்கார்ந்து அதே வரியை எழுதிக்கொண்டிருப்பார். இரண்டு கரையிலும் தமிழிலேயே இரண்டு மனு, இரண்டும் வேறு வேறு கடற்படையைக் கூப்பிடுகிறது. பாக் நீரிணையில் துப்பாக்கி குறைய வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறவர்கள் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இந்த மீன்பிடிச் சண்டைதான். கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடி வலையை விடுவதற்கு எங்கள் ஆட்களுக்கு வழி செய்து கொடுத்து, இரண்டு கரை மீனவரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தால், அந்த வரியை எழுத வேண்டிய தேவையே பாதி போய்விடும். அந்த வரி இருக்கிற வரைக்கும் தளத்துக்கு ஆதரவும் இருக்கும்.

கரைக்குள்ளேயும் நாங்கள் ஒன்றாக இல்லை. எங்கள் மாவட்டத்துக்கு 237 கிலோமீட்டர் கடற்கரை. தொண்டிக்கும் மூக்கையூருக்கும் பேச்சே கொஞ்சம் வேறு. விசைப்படகுக்காரருக்கும் நாட்டுப்படகுக்காரருக்கும் ஆகாது. பாசி எடுக்கும் பெண்களுக்கு வனத்துறையோடுதான் தினம் தகராறு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா என்பதால் அங்கே கால்வைத்தால் விரட்டுவார்கள். அவர்களிடம் சீருடையில் யார் உங்களுக்குத் தொந்தரவு என்று கேட்டால் நேவி நாலாவதாகத்தான் வரும். அதோடு 2022இல் இலங்கையில் பஞ்சம் வந்தபோது, தனுஷ்கோடிக்கு அப்பால் மணல்திட்டில் கைக்குழந்தையோடு இறக்கிவிடப்பட்டவர்களை ஏற்றிவந்தது கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

சட்டத்தில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. நம் ஊரில் பெரிய போராட்டங்கள் பலவும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில்தான் பிறக்கின்றன. கலெக்டர் மேடையில் இருப்பார், ஊர் கீழே இருக்கும், ஒரு அக்கா மைக்கைப் பிடுங்கிக் கேட்பார், மறுநாள் பேப்பரில் வரும். 2006ஆம் வருஷச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் தேசப் பாதுகாப்புத் திட்டங்களுக்கு அந்தக் கூட்டம் தேவையில்லை என்று விலக்கு இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்திலும் பாதுகாப்பு என்று சொன்னால் கதவு மூடும். ஆக, ஊர் ஒன்றாக உட்கார்ந்து கேட்கும் நாள் என்று ஒன்று வருவதே இல்லை. கேட்காத ஊர் ஒப்புக்கொண்ட ஊராகிவிடுகிறது. அதற்கு மேல் பயம். கூடங்குளம் அணுஉலையை எதிர்த்த ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டதை இந்தக் கரை முழுக்கப் பார்த்தது. அணுஉலைக்கே அப்படி என்றால் கடற்படைத் தளத்துக்கு எப்படி? பாஸ்போர்ட் கிடைக்காது, வளைகுடா நாட்டு வேலை போய்விடும் என்று ஒரு அம்மா மகனை வீட்டுக்குள் இழுத்துவிடுவதை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன்.

தம்பி கடைசியாகக் கேட்டது, “இனிமேலாவது எழுமா?” என்று. நாளைக்கே ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்று சர்வேக்கல் நட்டுப் பாருங்கள். அதற்குள் ஒரு பனங்காடு, ஒரு ஊருணி, கரைக்குப் போகிற ஒரு வண்டிப்பாதை வந்தால் போதும். அல்லது கடலில் கோடு கிழித்து இன்ன நாளில் சுடும்பயிற்சி, இந்தப் பக்கம் வராதே என்று சொல்லட்டும். கச்சான் காற்று வீசும் காலத்தில் கரையோர மீன்பாட்டை நம்பிப் பிழைக்கிற வள்ளக்காரருக்கு அந்த ஒரு நாள் ஒரு நாள் சோறு. அப்போது எழுவார்கள். எழும்போது “போர் வேண்டாம்” என்று எழமாட்டார்கள், பட்டாவை எடுத்துக்கொண்டு வருவார்கள். அந்த நேரத்தில் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்கள் பதாகையை அவர்கள் கையில் திணிக்காமல், அந்தப் பட்டாவை வாங்கிப் படித்தால் அவர்களோடு இருக்கலாம்.

மண்டபத்துக் கூட்டத்தில் கேள்வி கேட்ட அம்மாவின் மகன் நாலு மாதம் கழித்து வந்துசேர்ந்தான். படகு வரவில்லை, அது அங்கேயே கிடந்து இற்றுப்போனது. படகுக்கு நிவாரணம் கேட்டு மனு எழுத அந்த அம்மாவே என்னிடம் வந்தார். எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். “கடற்படை பாதுகாப்பு” என்ற வரி வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார். கொஞ்ச நேரம் யோசித்தார். “அது இருக்கட்டும்ணே,” என்றார். “அதுக்குக் கீழ, ரெண்டு ஊரு ஆளுகளும் பேசித் தீக்க வழி பண்ணணும்னு ஒண்ணு சேத்துக்கங்க.” சேர்த்தேன். அன்றிலிருந்து நான் எழுதும் எல்லா மனுவிலும் அந்த இரண்டாவது வரியும் இருக்கிறது.